கறுப்புக் கத்தியில் விழுந்த கீறல்கள்

என் மனைவி தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சமையலுக்கு ஒத்தாசையாக என் அக்கா சுருளிப்பட்டியிலிருந்து சின்னமனூருக்கு வந்திருந்தாள். வந்த அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமையென்றால் ஒரு பாத்திரம் மிச்சமில்லாமல் புளி போட்டு விளக்கியாக வேண்டும். அக்கா கத்தியையும் விட்டுவைக்கவில்லை.

அது என் மனைவி குமுளியில் ஆசைப்பட்டு வாங்கியது. அலகு முழுக்கக் கறுப்புப் பூச்சு. தக்காளி நறுக்கினால் ஒட்டாது. வேறு யாரும் தொடக்கூடாது, நான் உட்பட.

"ஏலே, கத்தியில இம்புட்டுக் கரி ஏற விட்டிருக்கீக? கம்பி நார் போட்டுத் தேய்ச்சும் போகமாட்டேங்குது."

தலையில் அடித்துக்கொண்டேன். அலகெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கீறல். மறுநாள் என் மனைவியை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அவளிடம் மறைத்திருந்தோம். அடுப்படியில் கரண்டி இடம் மாறினாலும் கண்டுபிடிப்பவள் அவள். விட்டுப்போனபடியே எல்லாம் இருந்தால் சந்தேகம் வராது என்று நினைத்திருந்தேன்.

பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தேன். பாதிக் கோடுகள் மறைந்தன. அவை பூச்சின்மேல் ஒட்டிய நாரின் இரும்புத் துகள்தான். மிச்சக் கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன. அங்கே கறுப்பே இல்லை. ஓர் ஓரத்தில் பற்பசை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்னும் வெளுத்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். அவளே போகப்போகிறாள், நான் கத்தியோடு மல்லுக்கட்டுகிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நேராக அடுப்படிக்குத்தான் போனாள். கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா கதவோரம் குறுகிப்போய் நின்றாள். வையப்போகிறாள், நன்றாக வையட்டும் என்று காத்திருந்தேன்.

கைக்குக் கை கத்தி கொடுத்தால் உறவு முறியும் என்று எங்களில் கொடுக்கமாட்டார்கள். அவள் மெல்லக் குனிந்து அதைத் தரையில் வைத்து, அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே வச்சுக்கங்க மதினி. எனக்கு இனி எதுக்கு?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி கோபமில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.