கூட்டேரிப்பட்டு எமன்

போலீஸ்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிற வீடுகள் எண்பதுகளில் நிறைய இருந்தன. ஹைவே போலீஸ்காரன் என்றால் யோசிக்கக்கூட மாட்டார்கள், நேராக மாட்டேன் என்றுவிடுவார்கள். ஸ்டேஷன் போலீசுக்காவது உட்கார ஒரு நாற்காலி உண்டு, இவன் நாள் முழுக்க ரோட்டில் நிற்கிறவன், எந்த லாரி எப்போது மேலே ஏறுமோ என்று காரணம் சொன்னார்கள். செஞ்சிப் பக்கம் ஒன்று, மயிலத்தில் ஒன்று, எங்கள் திண்டிவனத்திலேயே ஒன்று என்று மூன்று சம்பந்தங்கள் எனக்கு இப்படிக் கைநழுவிப் போயின. நான்காவதாக வந்தது கோலியனூர்ப் பெண்.

போட்டோவில் அவள், ஸ்டுடியோக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் பூங்கொத்தை வேண்டாவெறுப்பாகப் பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னவனை முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பில் நான் விழுந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரோந்து ஜீப்பில் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மற்ற மூன்றும் போனது போகட்டும், இது மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது என்று மயிலம் முருகனிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தேன்.

முருகன் கேட்டுக்கொண்டார். எங்கள் இன்ஸ்பெக்டர்தான் குறுக்கே வந்தார்.

நல்ல மனுஷர். சாலைப் பாதுகாப்பு என்ற பேச்சை எடுத்தால் போதும், அவருக்குச் சாமி வந்துவிடும். எதிரே வருகிறவனுக்குக் கண் கூசாமலிருக்க லாரி ஹெட்லைட்டுகளுக்கெல்லாம் கறுப்புப் பொட்டு வைக்கச் சொல்வார், நாங்களும் பெயிண்ட் டப்பாவும் கையுமாக நின்று வைப்போம். மாட்டு வண்டிகளின் பின்னால் மின்னுகிற சிவப்புத் தகடு அடிக்கச் சொல்வார். அடித்த தகடு மறு வாரம் வண்டிக்காரர் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஜோராக மின்னிக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர்.

அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்துக்கு அவருக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்தது. பஸ் படியில் தொங்குகிறவனையும் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனையும் எமதர்மனே வழிமறித்து எச்சரித்தால் எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்தில் தெருக்கூத்துக்கு என்ன பஞ்சமா? பக்கத்து ஊர்க் கூத்துக்காரர் ஒருவரை முழு வேஷத்தோடு கொண்டு வந்து கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் நிறுத்திவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. கூத்தில் ராஜா வேஷம் திடுதிப்பென்று வந்து குதித்துவிடாது. இரண்டு பேர் திரை பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், தன் பெருமை என்ன என்று பாடி ஆடி முடித்த பிறகுதான் முகத்தைக் காட்டுவார்கள். வந்தவர் தொழிலில் சுத்தம், ஒரு அடியைக்கூடக் குறைக்க மாட்டேன் என்றார். நானும் இன்னொரு கான்ஸ்டபிளும் ஆளுக்கொரு முனையாக ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றோம். மெட்ராஸ் பஸ்ஸை நிறுத்தி அவர் பாட ஆரம்பித்தார். எமன் முகம் தெரிவதற்குள் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள் நின்றுவிட்டன. பஸ்ஸில் ஒருத்தராவது கோபித்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. டிரைவரே இறங்கி வந்து, "அந்த ரெண்டாவது அடியை இன்னொரு தபா பாடுங்க வாத்தியாரே" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"யோவ், உனக்கு மீசை இருக்குது, தொண்டை இருக்குது. நாளைக்கு நீதான் எமன்."

"சார், நாளைக்கு எங்க வூட்டுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க சார்."

"எத்தினி மணிக்கு?"

"நாலு மணிக்கு சார்."

"எமனுக்கு ரெண்டு மணியோட டூட்டி முடிஞ்சிடும். போய் மூஞ்சியைக் கழுவிக்கினு மாப்பிள்ளையா உக்காரு."

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்க வருகிற நாளில் எமன் வேஷம் என்று சொன்னால் வீடே இரண்டாகிவிடும். ரோடு டூட்டி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கூத்துக்காரர் கொஞ்சமும் மனக்கசப்பு இல்லாமல் எனக்கு வேஷம் கட்டிவிட்டார். முகம் முழுக்கச் சிவப்பு அரிதாரம், தலையில் கட்டையில் செய்த கிரீடம், தோள் இரண்டிலும் கண்ணாடித் துண்டு பதித்த கட்டைகள். பாசக்கயிற்றுக்கு எங்கே போவது? பழுதான வண்டியைக் கட்டி இழுக்க ஜீப்பில் வைத்திருந்த கயிற்றை எடுத்துச் சுருக்குப் போட்டுக்கொண்டேன். எருமை இல்லாமல் என்ன எமன் என்று இன்ஸ்பெக்டர் டீக்கடைக்காரரின் எருமையையும் வரவழைத்தார். அது வந்ததும் ரோட்டின் நடுவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு அசை போட்டது. இரண்டு லாரிகள் அதன்மேல் மோதாமல் தப்பித்ததே பெரிய விஷயம். பாதுகாப்பை முன்னிட்டு எருமையை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

பொதுமக்கள் எமனைக் கண்டு நடுங்குவார்கள் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் ஜனங்களா நடுங்குவார்கள்? ஒரு லாரி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, எங்க மொதலாளி பேரு லிஸ்ட்டுல இருக்குதா?" என்று கேட்டார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "எங்க மாமியாரு படுத்த படுக்கையா கெடக்குதுங்க, எப்பதான் வர்றீங்க?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, மடியிலிருந்து அவித்த மல்லாட்டை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனாள். மல்லாட்டை நன்றாக இருந்தது.

முகூர்த்த நாள் ஆனதால் பஸ்களில் எள் போட்டால் கீழே விழாது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. நிறுத்தினோம். என்னைப் பார்த்ததும் படியில் தொங்கிய இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் அசையவில்லை. ஐம்பது வயசிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, ஒரு கையில் மஞ்சள் பை. உள்ளே போனால் சட்டை கசங்கிவிடும் என்று அந்த மனுஷர் படியில் நின்று வந்திருக்கிறார்.

"உள்ள ஏறுங்க" என்றேன்.

"நான் முப்பது வருசமா இப்படித்தான் போய்க்கினு வர்றேன். உன் வேலையைப் பாரு."

என் வேலையே அதுதான். கயிற்றைச் சுழற்றி அவர் கழுத்தில் போட்டேன். கனகச்சிதமாக விழுந்தது. பஸ்ஸே கைதட்டியது. கைதட்டல் கேட்டால் மனுஷனுக்குப் புத்தி நிற்குமா? எனக்குள் இருந்த எமன் முழித்துக்கொண்டான்.

"யோவ் சாவுகிராக்கி, உள்ள போறியா, இல்ல என்னோட வர்றியா?"

"வுடுயா! நல்ல காரியத்துக்குப் போய்க்கினு இருக்கேன்!"

"இப்படித் தொங்கிக்கினு போனா பதினாறாம் நாள் காரியந்தான்!"

பஸ் குலுங்கிச் சிரித்தது. அவர் முகம் என் அரிதாரத்தைவிடச் சிவந்துபோனது. கயிற்றைக் கழற்றி வீசிவிட்டு, கூட்டத்துக்குள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார். கஞ்சி போட்ட சட்டை என்ன கதி ஆனதோ. வாரத்திலேயே ஆகச்சிறந்த காரியத்தைச் செய்துவிட்ட பெருமையில் நான் மீதி மல்லாட்டையைத் தின்றேன்.

கொஞ்ச நேரம் போனதும் திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டினார். எங்கள் தெருக்காரர். "யோவ், உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. சாயங்காலம் ராகு காலமாம், பொண்ணு வூட்டுக்காரங்க இப்பவே வந்துட்டாங்களாம். ஜல்தி போ!"

எனக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டரே ஜீப்பை எடுத்தார். வழி முழுக்கத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். கொல்லைப் பக்கமாக நுழைந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து கும்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலியில் கசங்கிய வெள்ளைச் சட்டை. பெண்ணின் அப்பா.

பக்கத்தில் அவருடைய அக்கா, பெண்ணுக்கு அத்தை. எதிரே வைத்த பலகாரத்தை இரண்டு பேரும் தொடவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். அவர் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ஆவேசமாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழுத்துல கயிறு போட்டாம்மா! நல்ல காரியத்துக்கு வர்றவனை எமன் வழிமறிச்சா அதைவிட இன்னா சகுனம் வேணும்? என்னை சாவுகிராக்கின்றான், பஸ்ஸே சிரிக்குது!"

அம்மா பதறிப்போனாள். வந்த சம்பந்தம் கலைந்துவிடக் கூடாதே என்ற தவிப்பில், "அவன் வெளங்குவானா? கட்டையில போறவன்! அவனைப் பெத்தவ எவளோ, புள்ள வளத்த லட்சணத்தைப் பாருங்க" என்று மனசார என்னைச் சபித்தாள்.

"தம்பி எங்க டூட்டி?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

வாயைத் திறந்தால் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். "ரோட்டுலங்க" என்று பூனைக்குட்டிக் குரலில் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அத்தை என் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பிக்கு காதோரம் இன்னா செவப்பா கீது?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வெளியே ஜீப்பில் உட்கார்ந்து அலுத்துப்போன இன்ஸ்பெக்டர் நேராக உள்ளே வந்து நின்றார்.

"யோவ் எமா, ஆச்சா? அடுத்த பஸ்ஸுங்கள்லாம் வந்துடும்." பிறகு நாற்காலியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, நீங்களா! நம்ம ஆளு என்னா நேக்கா கயிறு போட்டான் பாத்தீங்களா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அப்பா எழுந்து மஞ்சள் பையை எடுத்தார். "அக்கா, கெளம்பு. இந்த வூட்டுல என் பொண்ணை..." வாசலைப் பார்த்துத் திரும்பினார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்தப் போட்டோ அப்போதும் என் பையில்தான் இருந்தது.

அத்தை எழுந்திருக்கவில்லை.

"உக்காருடா" என்றாள்.

"அக்கா!"

"உக்காருன்றேன். தெனமும் கோலியனூர்லேந்து விழுப்புரம் ஆபீசுக்குத் தொங்கிக்கினே போற. நான் சொன்னேன், கேட்டியா? உம் பொண்டாட்டி காலுல வுழுந்தா, கேட்டியா? நீ வர்ற வரைக்கும் உம் பொண்ணு பஸ் ஸ்டாப்புல போயி நின்னுக்கினு இருக்கறா, அதாவது தெரியுமா உனக்கு? முப்பது வருசமா யாராலயும் உன்னை உள்ள ஏத்த முடியல. இந்தப் புள்ள ஒரே இழுப்புல ஏத்திட்டான். சகுனமாம், சகுனம்!" சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தாள்.

அவர் தட்டைத் தொடவில்லை. வீட்டில் கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்லிப் போனவர்களில் ஒருத்தரும் சொல்லி அனுப்பியதில்லை என்பது என் அனுபவம். அன்றைக்கு மீதி இருந்த பஸ்களில் எமனுடைய குரல் எடுபடவில்லை. ஆனால் இரண்டே நாளில் சம்மதம் என்று ஆள் வந்தது.

அத்தைதான் தம்பியைச் சரிக்கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மனைவியிடம் கேட்டேன். போட்டோவில் பார்த்த அதே முறைப்போடு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு சாயங்காலம் நான் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்தேன். பஸ்ஸு வந்துது, படியில பாத்தா அப்பா இல்ல. எங்கியோ வுழுந்துட்டாருன்னு கத்திக்கினே ஓடினேன். அப்பா உள்ளேந்து எறங்கி வந்தாரு, சீட்டுல உக்காந்துக்கினு வந்தாராம். பின்னாலயே எறங்கின அத்தை கயிறு போட்ட கதையைச் சொன்னாங்க. மாப்பிள்ளை எப்படி, எமனா, மனுசனான்னு அவரு ஆரம்பிக்கறதுக்குள்ளயே நான் சரின்னு சொல்லிட்டேன்."