செத்த வீட்டுக்கு நான் போட்ட ‘மிக அருமை’

போன வருடம் மாரி தொடங்குகிற நேரம். ஆரையம்பதியில் எங்கள் குசினியில், அடுப்பில் கேத்தல் கொதிக்க, கையில் போனோடு நின்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

நான் கல்யாண வீடுகளுக்கு மணவறை சோடிக்கிறவள். ஆசைப்பட்டு ஒரு வெப்சைட் வைத்தேன். ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒரு வீடியோவில் வழி சொன்னார்கள். மற்றவர்களின் வலைப்பூக்களுக்குப் போய்க் கொமென்ட் எழுதி, அதில் உங்கள் லிங்க்கைப் போடுங்கள். எத்தனை இடத்தில் லிங்க் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நீங்கள் பெரிய ஆள் என்று தேடுபொறி நம்பும். தேடினால் முதல் பக்கத்தில் வருவீர்கள் என்று. பெயர் கேட்கும் இடத்தில்கூடத் தொழிலின் பெயரைத்தான் போட வேண்டுமாம்.

எனக்குச் சோம்பல் கிடையாது, ஆனால் பொறுமையும் கிடையாது. எதற்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வசனம் எழுதிக் கொப்பி பண்ணி வைத்துக்கொண்டேன்: ‘மிக அருமை. இதுபோல இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்.’ சமையல் குறிப்போ, கோயில் திருவிழாவோ, மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. படம் வந்து சேரும் முன்னமே பக்கத்தை அடிவரைக்கும் இழுத்து, ஒட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். அன்று காலையும் ஏழெட்டு இடத்தில் ஒட்டினேன். அதில் ஒன்று எங்கள் ஊர்ச் செய்திகளைப் போடுகிற வலைப்பூ.

பத்து மணிபோல் செய்தி வந்தது. என் மணவறைச் சாமான்களை எத்தனையோ வருடமாகத் தன் சின்ன லொறியில் ஏற்றி இறக்கிய அண்ணன், விடியப்பறம் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். போட்டது போட்டபடி ஓடினேன்.

அவருடைய ஒரே மகள் கனடாவில். பிள்ளைத்தாய்ச்சி, மாதம் நெருங்கிவிட்டதால் பிளேன் ஏற முடியாது. பின்னேரம், ஊர் வலைப்பூவில் வந்த மரண அறிவித்தலின் கீழே ஆட்கள் எழுதியிருந்த அனுதாபங்களை, போனில் ஒவ்வொன்றாகத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். இப்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வர முடியாதவர்கள் அதில்தான் வந்துபோகிறார்கள். அண்ணனுடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனை நான் பிடித்துக்கொண்டு அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். லண்டனிலிருந்து எழுதிய ஒருவர், அண்ணனோடு ஒன்றாகப் படித்தவராம். “ஓம், ஓம், அவன்தான்” என்று அக்கா தலையாட்டினா. அடுத்ததை மகள் முன்கூட்டிப் பார்க்காமலே வாசித்தாள்.

“மட்டக்களப்பு மணவறைச் சோடனை. மிக அருமை. இதுபோல இன்னும் நிறைய...”

அதோடு நிறுத்திவிட்டாள்.

காலையில் நான் ஒட்டிய அதே வசனம். போன் கையிலிருந்து விழாதது பெரிய காரியம். அக்கா விளங்காமல் என் முகத்தைப் பார்த்தா. “என்னவாம் புள்ள? என்ன அருமையாம்?”

“இது உங்கட பேர்தானே” என்றா பக்கத்தில் இருந்த ஒருத்தி. என் வாயில் முதலில் வந்தது பொய்தான். ஆரோ எங்கட பேரைக் களவாகப் பாவித்திருக்கிறார்கள் போல என்றேன். அக்கா அதை அப்படியே நம்பினா. புருஷன் நடு வீட்டில் கிடக்க, அவ என் முதுகைத் தடவி, “நீ கவலப்படாத புள்ள, உன்ட பேரக் கெடுக்கவெண்டே ஆரோ செஞ்சிரிக்கான்” என்றா.

அந்தக் கை பட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் போட்டேன் என்று சொன்னேன். லிங்க், வெப்சைட், தேடுபொறி என்று செத்த வீட்டில் உளறிக் கொட்டினேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அக்கா என் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டா. மகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள். “அப்பாட படம் மேலயே இரிக்கே அன்ரி. நீங்க பாக்கயே இல்லயா?”



எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும் வரை அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. முன்பு ஒட்டிய இடங்களைத் தேடிப் போய், ஒவ்வொருவருக்கும் எழுதி, அழித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பக்கங்களை அப்போதுதான் முதல்முறையாக வாசித்தேன். ஒருவர் தன் கடை எரிந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தார். அதன் கீழும் நான் இன்னும் நிறைய எதிர்பார்த்திருந்தேன். இவ்வளவும் ஒட்டி ஒரு கல்யாண வீடாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. இப்படி ஒட்டுகிற லிங்க்கைத் தேடுபொறிகள் இப்போது பெரிதாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று, தொழில் தெரிந்த ஒருவர் பிறகு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது.

ஒன்பதாம் நாள் மகளிடமிருந்து தகவல் வந்தது. “அத அழிக்கச் சொல்லிட்டன் அன்ரி. ஆனா அப்பாவப் பத்தி நீங்க இன்னும் ஒண்டும் எழுதல்லயே.”

ஐந்து நிமிடத்தில் ஏழெட்டு இடத்தில் எழுதுகிறவள், அன்றைக்கு அரை நாள் இருந்தேன். கதிரவெளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன கதையை எழுதினேன். வழியில் மழை பிடித்து, சாமான்களை மூடியிருந்த படங்கு கிழிந்து ஒழுகத் தொடங்கியது. அண்ணன் லொறியை நிறுத்தி, மாற்றிக் கட்ட வைத்திருந்த சாரத்தையும் போட்டிருந்த சேர்ட்டையும் மாப்பிள்ளை பொம்பிளை இருக்கும் கதிரைகளுக்கு மேல் விரித்துக் கட்டினார். வெறும் மேலோடு ஓட்டிப்போய், கல்யாண வீட்டுக்குள் வர வெட்கப்பட்டு லொறியிலேயே இருந்தார். நான்தான் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதி முடித்து, பெயர் கேட்ட இடத்தில் என் சொந்தப் பெயரைப் போட்டேன். வெப்சைட் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அதன் கீழே மகள் எழுதினாள். “அப்பா இத எங்களுக்குச் சொல்லவே இல்ல. அம்மா மூண்டு தரம் வாசிக்கச் சொன்னவ.”

மன்னித்தீர்களா என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை, கேட்கிற முகமும் இல்லை. ஆனால் இன்றைக்கும் எதன் அடியிலாவது இரண்டு சொல் எழுதப் போனால், என் விரல் ஒரு தரம் மேலே போய், அங்கே யாருடைய முகம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறது.