புதனின் உப்பும் எங்கள் ஆறு மா வயலும்

புதன் கிரகத்துக்கு நம்முடையதைப் போலக் காற்று கிடையாது. தரையிலிருந்து கிளம்பிய சோடியம், கால்சியம், மெக்னீசிய அணுக்கள் மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரிகின்றன, அவ்வளவுதான். ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுகூட அபூர்வம். அந்தச் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அளப்பதுதான் பெங்களூரில் என் வேலை. பேராவூரணிப் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் அப்பா இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எம் மவ புதன்ல உப்பு பாக்குது."

கேட்டவர்கள் சிரித்தார்களாம். எனக்கு அந்தப் பெருமை பிடித்துத்தான் இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்களுடையது கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்கள் நடவையே முடித்திருப்பார்கள். அதனால் போர் போட்டு, பல வருடமாக அந்த உப்புத் தண்ணீரையே பாய்ச்சி, இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா வயலும் வெள்ளை பூத்துப்போனது. போன ஆடியில் மண் பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பினார் அப்பா. சோடியம் ஏகத்துக்கு இருந்தது. உடனே போனும் வந்தது.

"எங்கயோ இருக்கிற கிரகத்து உப்பையே கண்டுபுடிக்கிற. இது எப்படிப் போவும், சொல்லும்மா. இந்தச் சம்பாவும் போச்சுன்னா வயல தரிசாத்தான் போடணும்."

எனக்குத் தெரியாது, வேளாண்மை ஆபீசரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. இணையத்தில் பத்து நிமிடம் மேய்ந்துவிட்டு, வகுப்பெடுக்கும் குரலில் சொன்னேன்.

"ஜிப்சம் போடுங்கப்பா. தண்ணி கட்டி நாலு நாள் நிறுத்துங்க. அப்புறம் வடிச்சு விட்டுடுங்க. அதுல இருக்கிற கால்சியம் சோடியத்தைக் கெளப்பி விட்டுடும்."

எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஊருக்குப் போனபோது நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. பயிர் பச்சை கட்டவே இல்லை. நுனி கருகி, திட்டுத் திட்டாகச் செத்திருந்தது. பக்கத்து வாய்க்காலில் அப்போதுதான் வந்து சேர்ந்த ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்துத் தண்ணி வரட்டும், போர் தண்ணியில கழுவாதீங்கன்னு ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு," என்றார் அம்மா. "உங்கப்பா எங்க கேட்டாரு? எம் மவ சொல்லிருக்குன்னு மூணு தடவ போர் தண்ணிய ரொப்பி வடிச்சாரு."

உப்பை உப்பாலேயே கழுவியிருக்கிறார். நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். வரப்பில் குனிந்து, கருகிய பயிர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"புதன்ல உப்பு மண்ண விட்டு எப்படிம்மா கெளம்புது?"

"வெயில் பட்டுத்தாம்பா. கெளம்புனதை வெயிலே வெளிய தள்ளியும் விட்டுடும்."

அவர் வயலைப் பார்த்தார். "இங்கயுந்தான் வெயில் அடிக்குது."

இங்கே அடிக்கும் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகிறது.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அதே மண் பரிசோதனைத் தாள். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. ஜிப்சம். தண்ணி கட்டி நாலு நாள். வடி. மூன்றுக்கும் நேரே டிக் போட்டிருந்தார். தாளை உள்ளங்கையில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

"அடுத்து என்ன செய்யணும், சொல்லும்மா. எழுதிக்கிறேன்."