பின் இருக்கையில் மணல் மூட்டை

பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னலில் வேடிக்கை பார்ப்பவரிடம் இறக்கை மேடம் அனுமதி கேட்பதில்லை. பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "மடியில வெச்சுக்குங்க. சீட்டு மனுஷங்களுக்கு." ஆஸ்பத்திரி நாற்காலி, கேன்டீன் பெஞ்சு, எங்கேயும் இதே கதைதான். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் கடையை மூடி வந்ததும் பையைச் சாப்பாட்டு நாற்காலியில் போடுவார். போட்ட வேகத்தில் அது அவர் மடிக்கே திரும்பி வரும். "என் பொண்டாட்டிக்குப் பையைக் கண்டாலே ஆகாது" என்று சிரிப்பார். சிரிக்கிற விஷயமில்லை அது.

விமானத் தொழிற்சாலையில் இறக்கையைச் சோதிக்கும் கூடத்துக்கு மேடம்தான் தலைவி, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். புது இறக்கையைச் சட்டத்தில் மாட்டி, மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போய், எந்தப் பாரத்தில் ஒடிகிறது என்று பார்ப்பது அங்கே வேலை. அந்தக் கூடத்துக்குள் இன்ஜினியராக நுழைந்த முதல் பெண் இவர். ஒடிகிற சத்தத்துக்கு ஆம்பளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மேடம் பொத்தமாட்டார். "அது நம்மகிட்டதானே ஏதோ சொல்லுது, காதை மூடினா எப்படி?" பிறகு ஒடிந்த இறக்கைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, எந்த ஆணி முதலில் கையை விரித்தது என்று விரலால் தடவித் தேடுவார். நகக்கண்ணில் எப்போதும் அலுமினியப் பொடி இருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவார்.

அந்தத் தொழிற்சாலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரண்டு இருக்கை விமானம் முதல்முறை பறக்கும்போது, 'இறக்கை தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டவர் பின் இருக்கையில் ஏற வேண்டும். முன்னால் இருக்கும் விமானிக்கு அதைவிடத் தைரியம் வேறு என்ன வேண்டும்? மேடத்துக்கு முன்பு அப்படி ஏறியவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகள், தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடத்தின் முறை வந்தபோதுதான் அன்றைய இயக்குநருக்குக் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது. "கைக்குழந்தைக்காரிம்மா நீ. உன்னை ஏத்திட்டு எனக்குத் தூக்கம் வருமா?" பின் இருக்கை காலியாக இருந்தால் விமானத்தின் எடை முன்பக்கம் இழுக்கும். அதற்காக மேடத்தின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, பெல்ட் போட்டுக் கட்டி அனுப்பினார்கள். இறக்கை தாங்கியது. தாழ்வாரத்தில் அந்தப் படம் இன்றும் தொங்குகிறது. விமானி இருக்கிறார், இயக்குநர் இருக்கிறார், பின்னால் மூட்டையும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மேடம் மட்டும் இல்லை. வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும்.

வயிறு எரியுமா எரியாதா? அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, கதையைக் கேட்டுக் கொதித்துப்போனாள். "என் பேரைச் சொல்லியா உன்னை நிறுத்தினாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களாம்மா?"

அந்த மூட்டை பறந்ததற்குப் பிறகு அங்கே இரண்டு இருக்கை விமானமே உருவாகவில்லை. இப்போதுதான் ஒன்று வந்தது, மேடம் ஓய்வு பெறப்போகிற வருடத்தில். இறக்கை அவர் சோதித்தது, கையெழுத்து அவருடையது. டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டார். ஸ்டோரில் இருந்த பறக்கும் உடுப்பெல்லாம் ஆம்பளை அளவு. ஒன்றை வாங்கித் தையல்காரரிடம் கொடுத்துக் காலைக் குறைத்துக்கொண்டார். இந்தத் தடவை எந்தக் குழந்தையைக் காட்டுவார்கள்?

குழந்தை இல்லாவிட்டால் என்ன, வயது இருக்கிறதே. இப்போதைய இயக்குநர் மேடத்திடமே வேலை கற்றவர். அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலில் தேன் வடியப் பேசினார்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தச் சிரமம்? ஏதாவது ஒண்ணுன்னா நாங்கதானே பதில் சொல்லணும்."

"ஏதாவது ஆகும்னு நினைச்சா, ஓட்டுற அந்தப் பையனை மட்டும் ஏன் முன்னாடி ஏத்துறீங்க?"

"அது அவன் வேலை மேடம்."

"இது என் வேலை."

இயக்குநர் போனில் எதையோ தேட ஆரம்பித்தார். அன்று ராத்திரி வீட்டில் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. "இவ இந்தத் தடவை ஏறலைன்னா இந்த வீட்ல யார் தொண்டையிலயும் சோறு இறங்காது" என்றார் கணவர். அன்று அவர் சிரிக்கவில்லை.

பறக்கும் நாள் காலையில் மேடம் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுபாதைக்கு வந்தார். பின் இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. மூன்று மூட்டை, குறுக்கே பெல்ட். யாரோ ஒழுங்காக இறுக்கிக் கட்டியிருந்தார்கள். போட்டோக்காரர்கள், அதிகாரிகள், எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். மேடம் நேரே ஏணியில் ஏறினார். முன் இருக்கையில் இருந்த விமானி இன்ஜினைக் கிளப்பவில்லை.

இயக்குநர் ஏணிக்கு ஓடிவந்தார். "எல்லாரும் பார்க்கிறாங்க மேடம், இறங்குங்க" என்று அடங்கிய குரலில் கெஞ்சி, அவரைத் தாங்கி இறக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

மேடம் பெல்ட்டை அவிழ்த்தார். மேலே இருந்த மூட்டையைத் தூக்கி, நீட்டிய அந்தக் கைகளில் வைத்தார்.

"வெச்சுக்குங்க" என்றார். அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.