கமென்ட் மட்டும்தான்

ஆபீசில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். பழைய புரோகிராம்களுக்குள் நுழைந்து, எவனெவனோ கமென்ட் என்று எழுதிவைத்த குறிப்புகளைக் கூட்டித் தள்ளுவதில் அவளுக்கு அப்படியொரு ருசி. வீட்டிலும் அதே கைதான். "நீ அடுக்கி வச்சா உப்பு டப்பாவைத் தேடவே லீவு போடணும்" என்பான் புருஷன்.

இந்த முறை சிக்கியது ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராம். அதில் 'நாளைக்குச் சரிபண்ணணும்' என்று எழுதியவர் ரிடையரே ஆகிவிட்டார். இன்னோரிடத்தில், 'பழைய பிரின்டருக்காக ஒன்றிலிருந்து தொடக்கம்.' அந்தப் பிரின்டர் காயலான் கடைக்குப் போய் ரொம்பக் காலமாகிறது. குறிப்பை அழித்தாள். கை சும்மா இருக்குமா? கீழே ஒன்று என்றிருந்த டோக்கன் எண்ணின் தொடக்க மதிப்பையும் பூஜ்யமாக்கினாள். மற்றதெல்லாம் பூஜ்யத்தில் தொடங்க, இதற்கு மட்டும் என்ன தனி மரியாதை? மாற்றத்தின் தலைப்பில் 'கமென்ட் மட்டும்தான்' என்று போட்டு அனுப்பினாள். அப்படிப் போட்டால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பிரின்டர் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் காட்டும் போர்டு போகவில்லை. பூஜ்யம் வந்தால் யாருமில்லை என்று எடுத்துக்கொண்டு அது வெறுமனே நிற்கும். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு எல்லோருக்கும் முன்னால் வந்து பூஜ்யம் போட்ட முதல் சீட்டை வாங்கிய ஒரு பெரியம்மா, பின்னால் வந்தவர்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் போர்டையே பார்த்திருந்து, தலைசுற்றி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பழி, ஆபீசில் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிய பையனின் தலையில் விழுந்தது. கல்யாணமானதிலிருந்து இஸ்திரி கலையாமல் வருபவன். அதே வாரம் போர்டின் நிறத்தை மாற்றியவன்.

"கலரை மாத்தச் சொன்னா ஆளையே மறைச்சிட்டியேப்பா" என்றார் மேனேஜர். "உன் வேலையை நிரந்தரம் பண்ணலாமான்னு யோசிக்கிற நேரம் பாத்து."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. துடைப்பம் கீபோர்டு இடுக்கிலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் உப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. "உடம்புக்கு என்ன?" என்றான் புருஷன்.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "சார், அது நான். கமென்ட் மட்டும்னு போட்டுட்டு மதிப்பையும் மாத்திட்டேன்."

அவர் திட்டியதெல்லாம் அவளுக்குப் போதவில்லை. வெளியே வந்து மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

"தெரியும்க்கா. நேத்தே திறந்து பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் இருந்தேன்." சட்டைக் கையை நீவிக்கொண்டான். "அந்தப் பெரியம்மாகிட்ட போன்ல நானே மன்னிப்பும் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'உன் மேல தப்பில்லப்பா, எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு, நம்பர் வந்ததைப் பாக்காம விட்டிருப்பேன்'னாங்க."

தன் இடத்துக்குத் திரும்பி, பூஜ்யத்தை மறுபடி ஒன்றாக்கினாள். மேலே எழுதினாள்: 'பூஜ்யம் வைத்தால் முதலில் வந்தவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.' வரியைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"அவங்க நம்பரைக் குடு" என்றாள் மாப்பிள்ளையிடம். "கண்ணுல ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்."