சேறு குடித்த காற்று

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர் செபமாலை. பொய் பேசாத மனுசன். அதுதான் வினையாகப் போனது.

எழுபத்து நான்காம் ஆண்டுப் பஞ்சத்தில் தொழிலாளர் குடியிருந்த லயமே பட்டினி கிடந்தது. மாணிக்கக் கல் தேடி வந்த கூட்டமொன்று தோட்டத்துக் குளத்தின் அடியை ஆழமாகக் கிண்டிப் போட்டது. மறுநாள் விடிந்ததும் மீன்கள் வாயைப் பிளந்தபடி செத்து மிதந்தன. சனங்கள் சட்டியும் கூடையுமாக ஓடினார்கள்.

செபமாலை கரையில் மறித்து நின்றார். "தொடாதீங்க! நான் அடிச்ச மருந்துதான் மழையில எறங்கியிருக்கு. தின்னா செத்துப் போவீங்க."

மருந்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? அழுதுகொண்டே மீன்களைப் புதைத்தார்கள். அந்த வாரமே அவருடைய மனைவி தெரேசா பசியில் சுருண்டு செத்தாள்.

பிறகு வந்த மீன்பிடி அதிகாரி தண்ணீரையும் சேற்றையும் சோதித்தார்.

"நஞ்சு எதுவும் இல்லை. அடிச்சேற்றில் இருக்கிற கிருமிகளும் மூச்சு விடும். சேற்றைக் கிளறினால் தண்ணீரில் கலந்திருக்கிற காற்றையெல்லாம் அந்தச் சேறே இழுத்துவிடும். மீன்கள் மூச்சு முட்டித்தான் செத்திருக்கு."

செபமாலை ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப, தின்னுருக்கலாமாங்க?"

அதிகாரி காலில் போட்டிருந்த சப்பாத்தின் சேற்றைக் கல்லில் தேய்த்தபடி சொன்னார்: "தாராளமா."