வியாழன் மாலைச் சாம்பிராணி

ஜாபிர் பாய் இருபது வருஷம் குவைத்தில் ஏசி மெக்கானிக். அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுவதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊர் திரும்பியதும், வேதாரண்யம் கடற்கரையில் நாங்கள் நட்டிருந்த ஆய்வுக் கம்பத்துக்குக் காவலாக வந்து சேர்ந்தார். "கடல்லேருந்து காத்துக்கு எவ்வளவு சூடு போவுதுன்னு அளக்குற கருவிங்க இது" என்று நான் விளக்க ஆரம்பித்ததுமே, "அட, நம்ம தொழில்தான் வானதிம்மா" என்றார்.

வேலை காவல் மட்டும்தான். மனுஷர் சும்மா இருந்தால்தானே! கருவிகளின் கண்ணாடியில் உப்பு பூத்துவிடும் என்று தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, நல்ல தண்ணீரால் துடைப்பார். உப்பளத்துக்குப் போகிறவர்களை நிறுத்தி வகுப்பு எடுப்பார். "வேர்வை காஞ்சா உடம்பு குளிருதுல்ல? கடலும் அப்படித்தான். ஆவியாப் போற தண்ணி சூட்டையும் தூக்கிட்டுப் போவுது. அந்தச் சூட்டைத் தின்னுதான் புயல் கொழுக்குது." நான் நாற்பது பக்க ஆய்வறிக்கையில் எழுதியிருந்ததும் இதைத்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் கோளாறு வந்தது. வியாழக்கிழமை தோறும் மாலை ஆறரை வாக்கில் நீராவி அளக்கும் கருவி தாறுமாறாக எண்களைக் கொட்டும். பத்து நிமிஷத்தில் தானே சரியாகிவிடும். நான் திங்கட்கிழமைகளில் போய் வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன். "உங்க கடல் வியாழக்கிழமை விரதமா?" என்று சென்னை அலுவலகத்தில் கிண்டல் வேறு. எந்தக் கிழமை என்று பாயிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில், கம்பத்தைக் கழற்றி வேறு கடற்கரைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவே வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. விஷயத்தைச் சொன்னதும் பாயின் முகம் செத்துவிட்டது. "துடைக்கையில நான்தான் கீறிட்டேனாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று, கருவியின் எண்கள் ஓடும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகை முடித்துவிட்டு வந்தார் பாய். கையில் புகையும் சாம்பிராணிச் சட்டி. கம்பத்தை மெதுவாகச் சுற்றினார். திரையில் எண்கள் துள்ளிக் குதித்தன.

"பாய்! என்ன பண்றீங்க?"

"வெள்ளி ராவும்மா. எங்களுக்கு வியாழன் மஃரிப்லேயே வெள்ளிக்கிழமை பொறந்துடும். வீட்டுக்கு, கடைக்கெல்லாம் சாம்பிராணி காட்டுவோம்ல, இதுக்கும் வாராவாரம் காட்டுறேன். கண்ணு படாம நிக்கணும்ல?"

மணலில் விழுந்து விழுந்து சிரித்தேன். திரையைத் திருப்பிக் காட்டியதும் பாய் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இருவது வருசம் பில்டர்ல தூசி போகாம பாத்தவன்மா நான்!"

காரணம் தெரிந்ததும் அலுவலகம் உத்தரவை ரத்து செய்தது; கம்பம் அங்கேயே நின்றது. சாம்பிராணியும் நிற்கவில்லை. இப்போது பாய் முதலில் கம்பத்தின் கருவியிலேயே காற்றுத் திசையைப் பார்த்து, புகை அண்டாத பக்கமாக ஒதுங்கி நின்று காட்டுகிறார்.

போன கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானது. டெல்டா முழுக்க சம்பாப் பயிர் நின்றது. எங்கள் எண்களுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு பாய்க்கு போன் போட்டேன்.

"நம்பர் எல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்றார் எடுத்ததுமே.

"அதெல்லாம் வருது பாய். சாம்பிராணி காட்டிட்டீங்களா?"